கையால் கட்டிய கிட்டாரின் மேல்பலகை உப்புகிறது, உதவி தேவை

நானே கட்டிய அகூஸ்டிக் கிட்டாரில் பிரிட்ஜுக்கு (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) பின்னால் மேல்பலகை உப்பிக்கொண்டு வருகிறது. 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) தடித்த தந்தியின் உயரம் 2.5 மி.மீ. இருந்தது, இப்போது 4.

ட்ரெட்நாட் எனும் பெரிய உடல் மாடல். மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், 2.8 மி.மீ.; பக்கமும் முதுகும் ஈட்டி மரம்; எக்ஸ் பிரேசிங் (மேல்பலகையைத் தாங்க உள்ளே X வடிவில் ஒட்டிய மரச்சட்டங்கள், அதாவது பிரேஸ்கள்). பிப்ரவரியில் கோவையில் முடித்தேன். ஜூலையில் சென்னைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்தத் தொல்லை. அறையில் ஈரப்பதம் 75%.

ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகக் கம்பி) இறுக்கினேன். கழுத்து நேரானது, உயரம் குறையவில்லை. தந்தியைத் தளர்த்தி ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு பெட்டியில் மூடி வைத்தேன், கொஞ்சம்தான் இறங்கியது. அப்புறம் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தேன், பிரேஸ் எதுவும் விட்டதாகத் தெரியவில்லை.

இது ஈரத்தால் வந்த உப்பலா, பிரேஸின் பசை விட்டதா என்று முதுகுப் பலகையைக் கழற்றாமல் எப்படி உறுதிசெய்வது?