கல்லூரிப் பாடப்புத்தகத்தை எப்போது வாங்கினீர்கள்? மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

மெக்கானிக்கல், 2014 சேர்க்கை:

கலந்தாய்வில் இடம் கிடைத்த மறுவாரமே அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். 1985 தீ விபத்துக்குப் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய கடைகள்தான். ஆனாலும் ஊருக்கு அது இன்றும் மூர் மார்க்கெட். "இன்ஜினீயரிங் முதல் வருடம்" என்றதும் கடைக்காரர் ஐந்து புத்தகங்களைச் சணலில் கட்டி நீட்டினார். 900 ரூபாய் சொன்னார், அப்பா 650க்கு முடித்தார். வீடு வரும்வரை பஸ்ஸில் அந்தப் பேரத்தின் பெருமைதான்.

கணக்கில் முதல் அலகு அணிகள், சிக்கலே இல்லை. இரண்டாம் அலகுக்கு ஆசிரியை தொடர்வரிசைகள் என்று பலகையில் எழுதுகிறார், என் புத்தகத்திலோ முப்பரிமாண வடிவியல். அட்டையைத் திருப்பினால் ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) 2008. அண்ணா பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆண்டு மாணவர்களுக்கு ரெகுலேஷன் 2013. முந்தைய சொந்தக்காரர் பச்சை மையில் 'மிக முக்கியம்' என்று கோடிழுத்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒழிந்துபோன அலகில்தான். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பிறகு 2017, 2021 என்று ரெகுலேஷன் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் அட்டையில் ஆண்டைப் பாருங்கள். வகுப்பு தொடங்கி, ஆசிரியர் எந்தப் புத்தகத்திலிருந்து நடத்துகிறார் என்று தெரியும்வரை பொறுக்கலாம். மினி டிராஃப்டர் என்ற வரைகருவி மட்டும் விதிவிலக்கு. வரைபட வகுப்பில் அது இல்லாமல் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமை.

இயற்பியல், அரசு கலைக் கல்லூரி:

பொறுத்துக் கெட்டவள் நான். முதல் உள்தேர்வு வரட்டும், நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அறுபது பேர் வகுப்புக்கு நூலகத்தில் ஆறு பிரதிகள். அட்டை கொடுத்த அன்றே எடுத்த ஆறு பேரும் தவணை முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். சட்டப்படி தவறில்லை, என்ன சொல்ல முடியும்? அந்த ஆண்டு முழுக்க ஜெராக்ஸ் கடைதான் எனக்குப் பாடநூல் நிலையம். வாங்குவதற்குப் பொறுங்கள், நூலகத்துக்குப் பொறுக்காதீர்கள்.

சட்டம், மூன்றாண்டுப் படிப்பு, 2023 சேர்க்கை:

என் கதையில் ரெகுலேஷன் மாறவில்லை, சட்டமே மாறிவிட்டது. முதல் ஆண்டில் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு விளக்கவுரையோடு கூடிய தடித்த புத்தகம், அதுவும் புதிதாகவே வாங்கினேன். அந்த டிசம்பரிலேயே அதற்குப் பதிலாக நாடாளுமன்றத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நிறைவேறி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. 302ஆக மனப்பாடம் செய்த கொலை 103க்குப் போனது. ஊரே வசைச்சொல்லாக வைத்திருந்த 420கூட 318 ஆகிவிட்டது. (318 என்று திட்டினால் யாருக்குக் கோபம் வரும்?)

பழைய புத்தகக் கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் புரட்டிக்கூடப் பார்க்காமல் தராசைக் காட்டினார். வழக்கறிஞரான மாமாதான் தடுத்தார்: "ஜூலைக்கு முன்னால் நடந்த குற்றத்துக்கெல்லாம் பழைய சட்டம்தான்டா. அந்த வழக்குகள் முடிய இன்னும் எத்தனை வருடமோ, வைத்திரு." இப்போது அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

மெக்கானிக்கல், 2014 சேர்க்கை:

மாமா சொன்னது சரி. ஆனால் எல்லாப் பழைய புத்தகமும் அப்படிக் கைகொடுப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் இயந்திர வடிவமைப்புத் தேர்வுக்கு டேட்டா புக் (கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் அச்சிட்ட புத்தகம்) கொண்டுபோகலாம். முதல் ஆண்டுப் பாடம் மறந்துபோய், சீனியர் அண்ணன் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். தேர்வறையில் கண்காணிப்பாளர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரங்களில் எல்லாம் அண்ணன் பென்சிலில் எழுதி வைத்த சூத்திரங்கள். நல்ல மனிதர், வெளியே அனுப்பவில்லை. தன் மேசையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்துக் கொடுத்து, "அழித்துவிட்டு எழுது" என்றார். மற்றவர்கள் முதல் கணக்கை முடிக்கும்வரை நான் அழித்துக்கொண்டிருந்தேன்.