வீடு அவர் பெயரில் இருக்கிறது, எனக்குப் பங்கு உண்டா?

பிறைவாசி எழுதியது:
வணக்கம். 2005-இல் கல்யாணம், ஜேபிஎன்-இல் (மலேசியத் தேசியப் பதிவுத் துறை) பதிவு செய்தோம். கணவர் பினாங்கு பாயான் லெப்பாஸில் டெக்னிஷியன். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் நான் ஃபேக்டரி வேலையை விட்டேன். அப்புறம் பிள்ளைகள், மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது, தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர், இதுதான் என் வேலை. வீடு 2011-இல் வாங்கியது. கிராண்ட் (வீட்டுப் பத்திரம்) அவர் பெயரில் மட்டும், லோனும் அவர் சம்பளத்தில்தான் கழிகிறது. போன வருடக் கடைசியில் சுங்கை பட்டாணியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

"காசு போட்டவனுக்குத்தான் வீடு, உனக்கு மூன்றில் ஒன்று கிடைத்தாலே பெரிசு" என்கிறார். பெரியவளுக்கு 17. அவளுக்கும் 18 வயது வரைதான் செலவுக்குப் பணம் கொடுப்பாராம். என் சின்னம்மாவுக்குப் பல வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் நடந்தது, அதனால் பயமாக இருக்கிறது. அவர் சொல்வது சரியா?

தாமான்_தம்பி எழுதியது:
அக்கா, கவலையே வேண்டாம். 2018-இல் சட்டம் மாறிவிட்டது. எல்லாம் பாதிக்குப் பாதி.

லோயர் ஆபீஸ் அண்ணன் எழுதியது:
தம்பி, இப்படி ஒரே வரியில் சொன்னால் ஆபீஸுக்கு வருபவர்கள் எங்களிடம்தான் சண்டை போடுவார்கள். ஜார்ஜ்டவுனில் குடும்ப வழக்கு பார்க்கும் லோயரிடம் கிளார்க்காக இருக்கிறேன். லோயர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பழைய கதை. 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 76-ஆவது பிரிவு, கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்தை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தது. இரண்டு பேர் உழைப்பில் வாங்கியது என்றால் சமபங்கை நோக்கிப் போகும். ஒருவர் உழைப்பில் மட்டும் வாங்கியது என்றால், வாங்கியவருக்குத்தான் பெரிய பங்கு என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கு மூன்றில் ஒன்று என்று பேச்சு வந்தது அதனால்தான். உங்கள் சின்னம்மா கதையும் அப்படித்தான் இருக்கும்.

2017-இல் திருத்தம் செய்து, 2018 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். இப்போது அப்படிச் சேர்ந்த எல்லாச் சொத்திலும் கோர்ட் சமபங்கை நோக்கித்தான் சாயும். ஆனால் 'சாயும்' அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு பாதி தராது. யார் எவ்வளவு பணம் போட்டார், குடும்பத்துக்காக வாங்கிய கடன், வீட்டையும் குடும்பத்தையும் கவனித்த உழைப்பு, சின்னப் பிள்ளைகளின் தேவை, கல்யாணம் எத்தனை வருடம் நீடித்தது, எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

எங்கள் மேசையில் வந்த மாற்றம் ஃபைலில்தான் தெரிகிறது. முன்பு கணவர் தரப்பில் பேங்க் ஸ்டேட்மெண்ட் கத்தை கத்தையாக வரும். மனைவி வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். இப்போது பெண்களிடம் நான் முதலில் கேட்பது கிளினிக் கார்டும் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் புத்தகமும். உங்கள் மாமியாரின் டயாலிசிஸ் அட்டையில் கூட்டிவந்தவர் என்று உங்கள் கையெழுத்து இருந்தால் அதை நகல் எடுங்கள். முறுக்குக் காசில் கரண்ட் பில் கட்டிய ரசீது ஒன்றிரண்டு இருந்தாலும் எடுத்து வையுங்கள். அவருடைய இபிஎப்பில் (சேமநிதி) கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்ததையும் லோயரிடம் கேட்க மறக்காதீர்கள், பலர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

மகள் விஷயத்தில் அவர் சொல்வது சுத்தமாகத் தவறு. 2004-இல் ஃபெடரல் கோர்ட், மேல்படிப்புக்காக 18-க்கு மேல் ஜீவனாம்சம் கேட்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது உண்மை. அந்த ஓட்டையைத்தான் 95-ஆவது பிரிவைத் திருத்தி அடைத்தார்கள். பிள்ளை மேல்படிப்போ பயிற்சியோ எடுத்தால் அது முடியும் வரை கேட்கலாம். அதனால் போலிடெக்னிக்கோ யூனிவர்சிட்டியோ, செலவுக் கணக்கை இப்போதே எழுதி வையுங்கள்.

ஜேபிஎன்-இல் பதிவு செய்தீர்கள் பாருங்கள், அது பெரிய நிம்மதி. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் இன்னும் வருகிறார்கள். 1982 மார்ச்சுக்குப் பிறகு பதிவு இல்லாத கல்யாணத்துக்கு இந்தச் சட்டத்தில் விவாகரத்து மனுவே போட முடியாது. அவர்களிடம் என்ன சொல்வது என்றே தெரியாது.

பிறைவாசி எழுதியது:
நன்றி அண்ணன். அவர் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். இதற்கிடையில் வீட்டை விற்றுவிட்டால்?

லோயர் ஆபீஸ் அண்ணன் எழுதியது:
இரண்டு வருடப் பிரிவு ஒரு காரணம்தான், ஒரே காரணம் இல்லை. சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு நடந்துகொண்டார் என்றும் மனு போடலாம், காத்திருக்கத் தேவையில்லை. அவர் சம்மதிக்காததால் முதலில் ஜேபிஎன்-இல் சமரசக் குழு, டிரிபியூனல் என்பார்களே, அங்கே போகவேண்டும். இதில் எந்த மாற்றமும் வரவில்லை, எனக்கும் இது பிடிக்காத கட்டம். ஆறு மாதம் வரை இழுக்கும், லோயர் உங்களோடு உட்கார முடியாது. பேசிச் சேர்த்துவைக்க முடியவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதோடு ஜார்ஜ்டவுன் லெபோ லைட் தெருவில் இருக்கும் ஹைகோர்ட்டில் மனு. தீர்ப்பு வந்ததும் மூன்று மாதம் கழித்துத்தான் அது முழுமையாகும்.

வீட்டை விற்கப் பார்த்தால் 102-ஆவது பிரிவில் தடை கேட்கலாம். அதனால் டிரிபியூனல் முடியட்டும் என்று இருக்காதீர்கள், இந்த வாரமே லோயரைப் பாருங்கள். கட்டணத்துக்கு வழியில்லை என்றால் ஜபாத்தான் பந்துவான் குவாமானில் (அரசின் சட்ட உதவித் துறை) விசாரியுங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். போகும்போது கல்யாணச் சான்றிதழ், ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கிராண்ட் நகல் கொண்டுபோங்கள்.