புதுப்பிப்பு: மண்டபம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் தானியங்கி அமைப்பு

கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாகவே நிற்கும்படி நான் அமைத்திருந்த ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பலகை ஓராண்டுக்குள் பழுதானதை முன்பு எழுதியிருந்தேன். மாடியில் அந்தப் பலகை இருந்த பெட்டியைத் திறந்தபோது செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒரு கம்பி தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. உப்புக்காற்றின் வேலைதான் அது.

மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு என்பதால், 10 ஆம்பியர் ரிலேவை நேரடியாக நம்பாமல், அது ஒரு காண்டாக்டரை (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச்) மட்டும் இயக்கும்படி செய்து, இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். மாடியில் இப்போது நீர்மட்டத்தை உணரும், நீர் புகாத மிதவை ஸ்விட்ச் மட்டுமே இருக்கிறது. இதையெல்லாம் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் வீட்டுக்குள்ளேயே இயங்குவதால், புயல் நாட்களில் இணையம் போனாலும் கவலையில்லை. பழைய கை ஸ்விட்சைக் கழற்றக் கூடாது என்று அம்மா சொன்னது மிகச் சரி. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.