மறு: ஆக்சிஜன் 'செறிவு' சரியா? 'நிரம்பளவு' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். விரல் கருவி காட்டும் 'ஆக்சிஜன் சாச்சுரேஷன்' (oxygen saturation) என்பதற்குத் தமிழில் 'நிரம்பளவு' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> 'ஆக்சிஜன் அளவு' என்றே ஊரெல்லாம் சொல்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, வீட்டில் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அந்தச் சொல்லை நம்பி ஓர் இரவு அரை மணி நேரத்தை வீணாக்கினேன். அதனால்தான் பிடிவாதமாக எழுதுகிறேன். மகளுக்கு வீசிங். விரலில் மாட்டிய கருவி (பல்ஸ் ஆக்சிமீட்டர்) 96 காட்டியது. "அளவு சரியாத்தானே இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கோ ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழியும் விலா இடுக்கும் உள்ளே குழிந்தன. "அப்பா, தண்ணி" என்பதையே இரண்டு மூச்சில் சொன்னாள்.

கருவி பொய் சொல்லவில்லை. மூச்சு விடப் பிள்ளை படும் பாட்டை அது அளப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு மூலக்கூறில் ஆக்சிஜன் உட்கார நான்கு இடம் உண்டு. தமனி இரத்தத்தில் அந்த இடங்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதே அந்த 96. மூச்சுக்குழல் சுருங்கத் தொடங்கும்போது பிள்ளை வேகவேகமாக மூச்சு வாங்கி இடங்களை நிரப்பிவிடுகிறது. எண் இறங்குவதற்குள் உடம்பு களைத்துப்போயிருக்கலாம்.

> 'செறிவு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

அதுதான் தொல்லை. வேதியியலில் செறிவு என்றால் கரைசலில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது. 2021இல் எல்லார் வாயிலும் அடிபட்ட 'ஆக்சிஜன் செறிவூட்டி' காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துச் செறிவாக்கித் தரும் எந்திரம். நமக்கு வேண்டியது வேறு. இரத்தசோகைக்காரரின் இரத்தத்தில் மொத்த ஆக்சிஜன் குறைவு. ஆனால் இருக்கிற ஹீமோகுளோபின் நிரம்பியிருப்பதால் கருவி 98 காட்டும். 'செறிவு 98' என்று எழுதினால் அது தவறு.

சாச்சுரேஷனுக்குத் 'தெவிட்டல்' என்ற சொல்லும் உண்டு. அது கரைசலுக்குப் பொருந்தலாம். இனிப்பு தெவிட்டும் என்று பழகிய தாயிடம் 'தெவிட்டல் 92' என்று எப்படிச் சொல்வது? இலங்கைப் பாடநூல்களில் 'நிரம்பிய கரைசல்' என்பார்கள். அங்கிருந்து எடுத்தேன்: நிரம்பு + அளவு = நிரம்பளவு. ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை. காதுக்கும் புதிதாக இல்லை.

> இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அழுத்தத்தையும் இதே சொல்லால் குறிக்கலாமா?

வேண்டாம். இரண்டும் சேர்ந்து இறங்குவதில்லை. அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்திலிருந்து 60க்குச் சரிந்தாலும் நிரம்பளவு 97, 98லிருந்து ஏறக்குறைய 90க்குத்தான் வரும். அதற்குக் கீழேதான் செங்குத்தான சரிவு. அழுத்தம் அழுத்தமாகவே இருக்கட்டும்.

கருவிக்கு 'நாடி நிரம்பளவுமானி' என்று வைக்கலாம். 'நாடி'யை விடக்கூடாது. துடிக்கும் தமனி இரத்தத்தால், விரலுக்குள் பாய்ச்சும் ஒளியில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து அளக்கலாம் என்று ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் வெளியிட்ட கருத்துதான் இதன் அடிப்படை. விரல் சில்லிட்டு நாடி மெலிந்தால் எண் தடுமாறுவதும் அதனால்தான்.

மகளின் வகுப்பாசிரியருக்குக் கொடுக்க ஒரு தாள் எழுதிவைத்திருக்கிறேன்: "நிரம்பளவு (விரல் கருவி காட்டும் எண்) 92க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். எண் நன்றாக இருந்தாலும், ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலப் பேச முடியாவிட்டால் உடனே மருந்து, உடனே மருத்துவமனை." திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதற்குள் இதைவிடத் தெளிவான சொல் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.