தொப்பையும் கொறையணும், சதையும் ஏறணும்: எத மொதல்ல பண்றது?

பாயான்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 29, உயரம் 170, வெயிட் 76, மலேசியா பினாங்குல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிஃப்ட் வேல. கைகாலெல்லாம் மெலிசு, சேந்ததெல்லாம் வயித்துலதான், இடுப்பு 94 சென்டிமீட்டர். இப்பதான் ஜிம்ல சேந்துருக்கேன், அங்க ட்ரெய்னர் நல்லா சாப்புட்டு பல்க் பண்ணு, அதாவது எடைய ஏத்து, சதை ஏறுனதுக்கு அப்புறம் கொழுப்ப கொறச்சி கட் பண்ணிக்கலாம்னு சொல்றாரு, கூட வேல செய்யுற அண்ணன் அதெல்லாம் வேணாம் தம்பி, சோத்த நிறுத்து, யூத் பார்க்ல டெய்லி ஓடு, தொப்பை போனதும் வெயிட் தூக்குன்னு சொல்றாரு. ரெண்டையும் ஒண்ணா பண்ணவே முடியாதா? இன்னொண்ணு, தைப்பூசத்துக்கு விரதம் இருப்பேன், அப்ப முட்டை கோழி எதுவும் கெடையாது, ஏறுன சதையெல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க லா.

ஜெலுத்தோங்_அண்ணன்:
தம்பி, நீ இருக்குற நெலமைல ரெண்டும் ஒண்ணாவே நடக்கும். பல வருஷமா தூக்கி ஏற்கனவே ஒடம்பு இறுகி இருக்குறவங்களுக்குத்தான் அது கஷ்டம், புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு, அதுவும் வயித்துல கொழுப்பு சேத்து வச்சிருக்குறவனுக்கு, வழி தொறந்தே இருக்கு. சதை வளர ரெண்டு வேணும், வெயிட் தூக்குறதுல வர்ற தூண்டுதல், அப்புறம் புரோட்டீன். மிச்சம் வேண்டிய சக்திய ஒன் தொப்பையே குடுக்கும், அதுக்குன்னு கூடுதலா சோறு சாப்புட வேணாம்.

2016ல கனடா மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில பண்ண ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. வெயிட் கூடுன எளவட்டப் பசங்க 40 பேருக்கு சாப்பாட்ட 40 சதவீதம் கொறச்சி நாலு வாரம் கடுமையா ட்ரெய்னிங் குடுத்தாங்க, பாதிப் பேருக்கு ஒடம்பு எடைல கிலோவுக்கு 1.2 கிராம் புரோட்டீன், மத்தவங்களுக்கு 2.4 கிராம். புரோட்டீன் கூட சாப்புட்டவங்களுக்கு கொழுப்பு 4.8 கிலோ போச்சு, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ ஏறுச்சு. கம்மியா சாப்புட்டவங்களுக்கு கொழுப்பு 3.5 கிலோ போச்சு, மத்தது அப்படியே நின்னுச்சு. நீ 40 சதவீதமெல்லாம் கொறைக்காத, வேலைக்குப் போறவன் தாங்க மாட்ட. ஒரு நாளைக்கு 300லேருந்து 500 கலோரி கம்மி பண்ணா போதும், புரோட்டீன் கிலோவுக்கு 1.6 கிராம்னு வச்சிக்க, ஒனக்கு 120 கிராம் கிட்ட வரும். வாரத்துல மூணு நாள் ஸ்குவாட் (வெயிட்ட தோள்ல வச்சி உக்காந்து எழுறது), டெட்லிஃப்ட் (தரைலேருந்து தூக்குறது), பெஞ்ச் (படுத்துக்கிட்டு மேல தள்றது), ரோ (ஒடம்பு பக்கமா இழுக்குறது), இதுல கொஞ்சம் கொஞ்சமா வெயிட்ட ஏத்திக்கிட்டே போ. ஓடுறது நல்லதுதான், ஆனா தூக்காம வெறுமனே பட்டினி கெடந்து ஓடுனா கொழுப்போட சதையும் சேந்துதான் போகும்.

மீனா_ஆயர்ஈத்தாம்:
சாப்பாட்டப் பத்தி நான் சொல்றேன் தம்பி, நம்ம ஊர்ல கோட்ட விடுற எடமே அதுதான். சோத்துல பல கொழம்பு ஊத்திக் குடுக்குற நாசி கண்டார் வேணாம்னு சொல்ல மாட்டேன், பினாங்குல இருந்துக்கிட்டு அத எப்படி சொல்றது. ஆனா குவா பஞ்சிர்னு, அதாவது கொழம்ப வெள்ளமா ஊத்துன்னு கேக்காத, சோறு பாதி வாங்கு, கொழம்பு ஒரு கரண்டி போதும், கோழி ஒரு துண்டு, அவிச்ச முட்டை, வெண்டக்காய். மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரெண்டு தே தாரேக், அதான் ஆத்துன பால் டீ, குடிச்சா அதுல இருக்குற கட்டிப்பால் நீ கொறச்சத எல்லாம் திருப்பிக் குடுத்துரும், பாலும் சீனியும் போடாத தே ஓ கோசோங் பழகிக்க. வீட்டுல கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி மாதிரி) கொழம்பு வச்சா புளி ஊத்தி வை, தேங்காப்பால் வேணாம்.

விரதத்துக்கு பயப்படவே வேணாம், சோயாவ புளிக்க வச்சி பண்ற தெம்பே இருக்கு. 100 கிராம்ல 19 கிராம் கிட்ட புரோட்டீன். பொரிச்சா எண்ணெய உறிஞ்சிரும், அதனால மெலிசா வெட்டி மஞ்சள் உப்பு மெளகு தடவி, வாணலில ஒரு டீஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டு ரெண்டு பக்கமும் செவக்க விடு, ஓரம் மொறுமொறுன்னு வரும். கூட தௌகுவா (கெட்டி டோஃபு), கெட்டித் தயிர், வேக வச்ச பருப்பு ஒரு கப்பு. விரதத்துல பால் சேத்துக்குவீங்கன்னா ஜிம் போறவங்க கலக்கிக் குடிக்கிற வே புரோட்டீன் பவுடரும் பால்லேருந்து வர்றதுதான், அதுக்குத் தடை இல்ல.

பாயான்_பையன்:
அண்ணே அக்கா ரொம்ப நன்றி. நைட் ஷிஃப்ட் வாரத்துல அஞ்சு மணி நேரம் கூட தூங்குறது இல்ல, அது கெடுக்குமா? வெயிட் மெஷின்ல நம்பர் எறங்கவே இல்லன்னா எப்படி நம்புறது?

பிறை_சிவா:
கெடுக்கும் ப்ரோ. 2010ல சிகாகோல ஒரே அளவு சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுல இருந்தவங்கள எட்டரை மணி நேரமும் அஞ்சரை மணி நேரமும் தூங்க வச்சி பாத்தாங்க. எறங்குன வெயிட் ஒண்ணுதான், ஆனா தூக்கம் கம்மியானப்ப போன கொழுப்பு பாதிக்கும் கீழ, மத்தது சதையோட சேந்து போனது. அதனால கறுப்புத் திரை போடுங்க, ஃபோன வேற ரூம்ல வைங்க, காலைல வீட்டுக்கு வந்ததும் படுங்க.

மேல அண்ணன் சொன்னதுல எனக்கு ஒரு விஷயத்துல மட்டும் வேற கருத்து. சதையும் கொழுப்பும் சமமா பாக்க வேண்டிய நேரமில்ல இது, ஒங்களுக்கு வயிறுதான் மொதல்ல. நம்ம நாட்டுல ஆம்பளைக்கு இடுப்பு 90க்கு மேல போனாலே ஆபத்துன்னுதான் கணக்கு. 2023 சுகாதார சர்வேல பெரியவங்கள்ல 54.4 சதவீதம் பேர் எடை கூடியோ பருமனாவோ இருக்காங்க, 15.6 சதவீதம் பேருக்கு சக்கர வியாதி. பல்க் பேச்சே எடுக்காதீங்க. கவர்மெண்ட் கிளினிக் கெசிஹாத்தான் போயி ரத்தத்துல சக்கரையும் கொழுப்பும் பாத்துட்டு வாங்க, 29 வயசுதானேன்னு விட்டுறாதீங்க.

மெஷின நம்பாதீங்க, டேப்ப நம்புங்க. கடைசி வெலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, காலைல வெறும் வயித்துல, மூச்ச சாதாரணமா விட்டுட்டு அளங்க. இடுப்பு எறங்கி ஸ்குவாட்ல வெயிட் ஏறுதுன்னா, மெஷின்ல அதே 76 நின்னாலும் வேல நடக்குதுன்னு அர்த்தம்.

ஜெலுத்தோங்_அண்ணன்:
சிவா சொல்றத ஒத்துக்குறேன், வயிறுதான் மொதல்ல. தூக்குறத மட்டும் அதுக்காக விட்டுறாத.

பாயான்_பையன்:
சரிண்ணே. தண்ணிமலை முருகன் கோயில் படி ஏறுனா கார்டியோவுக்கு (இதயத்துக்கான பயிற்சி) போதுமா?

ஜெலுத்தோங்_அண்ணன்:
513 படி, தாராளமா போதும். ஆனா ஸ்குவாட் பண்ண அன்னிக்கே ஏறாத, மறுநாள் ஏறு, எறங்குறப்ப கைப்பிடிய புடிச்சி மெதுவா எறங்கு, முட்டிக்கு நல்லது.