பிளாஸ்டிக் கூட்டை விட்டு வராத நீராவி இன்ஜின்: எங்கே பிடித்து எடுப்பது?

குட்டிரயில்:
வணக்கம் நண்பர்களே. ஹெச்ஓ அளவு, அதாவது 1:87 மாடல் ரயில் நீராவி இன்ஜின் ஒண்ணு வாங்கியிருக்கேன், டெண்டரோட (நிலக்கரி, தண்ணி வைக்கிற பின் வண்டி) சேர்ந்தது. அட்டைப்பெட்டிக்குள்ள தெர்மோகோல், அதுக்குள்ள ரெண்டு பாதியா ஒரு பிளாஸ்டிக் கூடு. மேல் பாதியைக் கழட்டியாச்சு. இன்ஜினைச் சுத்தி மெல்லிசா ஒரு பாலித்தீன் தாள் இருக்கு. லேசா தூக்கிப் பார்த்தா கீழ்ப் பாதியும் கூடவே வருது, இன்ஜின் தனியா பிரியலை. பாய்லர் ஓரமா ஓடுற கைப்பிடிக் கம்பி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சக்கரப் பக்கம் ராடு எல்லாம் அதைவிட நுணுக்கமா இருக்கு. இதுக்கு மேல பலமா இழுக்க மனசு வரலை, அப்படியே வச்சிருக்கேன். எங்க பிடிக்கணும், எதைத் தொடவே கூடாது?

இன்னொண்ணும் கேட்டுக்கறேன். பழைய 1:160 பயணிகள் பெட்டி செட் ஒண்ணும் கைக்கு வந்திருக்கு. அதோட ஃபோம் தொட்டாலே உதிருது. அதை எப்படி எடுக்கறது?

லோகோஷெட்:
இழுக்காம வச்சீங்களே, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கூடு இறுக்கமா இருந்தா இன்ஜின் கொஞ்சமாவது ஆடும். துளிகூட அசையலைன்னா அடியில ஸ்க்ரூ போட்டிருக்காங்கன்னு வச்சுக்கோங்க. வழியில குலுங்காம இருக்க, இன்ஜினை கூட்டோட அடித்தளத்துலயே முடுக்கி அனுப்புறது பல கம்பெனிகள்ல வழக்கம்.

கழட்டின மேல் பாதியைத் திரும்ப மூடுங்க. ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிச்சு தலைகீழாத் திருப்பி, மெத்துன்னு இருக்கிற ஃபோம் ஷீட் மேல வையுங்க. இப்ப அடியில நல்ல வெளிச்சத்துல பாருங்க. பள்ளத்துக்குள்ள ஸ்க்ரூ தலை தெரியும். சில சமயம் மேல அட்டைத் துண்டு ஒட்டி மறைச்சிருக்கும். ஒரு விஷயத்துல கவனம்: அதே ஓட்டை வழியா இன்ஜினோட சொந்த ஸ்க்ரூவும் தெரியலாம், அதைத் தொடாதீங்க. ஸ்க்ரூ தலை பிளாஸ்டிக் மேலயே உட்கார்ந்திருக்கணும், அல்லது நடுவுல வாஷர் இருக்கணும். கழட்ட வேண்டியது அதைத்தான்.

தலைக்குச் சரியா பொருந்துற ஸ்க்ரூடிரைவர் வேணும். கடைசி ஸ்க்ரூ விடுபடும்போது உள்ள இன்ஜின் சரியும், அதனால கூட்டை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கழட்டுங்க. அப்புறம் நேராத் திருப்பி மேல் பாதியை எடுத்துட்டு, பாலித்தீன் தாளோட ரெண்டு ஓரத்தையும் மேல கொண்டுவந்து தூளி மாதிரி பிடிச்சு மொத்தமாத் தூக்கலாம்.

மெதுநடை:
லோகோஷெட் சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வார்ப்பு உலோக உடல் கொண்ட இன்ஜின் நல்ல கனமாக இருக்கும். தாளைப் பிடித்துத் தூக்கினால் இரு பக்கமும் தாள் உள்நோக்கி இறுகி, நீங்கள் பயப்படுகிற அதே கைப்பிடிக் கம்பியைத்தான் அழுத்தும். பழைய தாள் என்றால் கிழியவும் கிழியும்.

தாளை முழுவதும் விரித்துவிடுங்கள். கூட்டை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து, இன்ஜினின் மேல்பக்கத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் கூட்டைப் பின்னோக்கி நகர்த்துங்கள். நகர வேண்டியது கூடுதான். இன்ஜின் உங்கள் கையில் அசையாமல் இருக்க வேண்டும். விரல் படலாம் என்றால் வழவழப்பான பாய்லர் மேல்பகுதியும் சேசிஸின் அடிப்பகுதியும் மட்டும். ராடுகள், கேபின் படிகள், பிரேக் குழாய்கள், வண்டிகளைக் கோக்கும் கபிளிங் எதுவும் எடையைத் தாங்காது.

டெண்டரை மறந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே இணைப்புக் கம்பி இருக்கும். டீகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் சின்ன மின்பலகை) டெண்டரில் இருக்கும் மாடல்களில் மயிரிழை ஒயர்களும் ஓடும். இன்ஜினை மட்டும் உயர்த்தினால் முதலில் அறுவது அந்த ஒயர்தான். இரண்டையும் ஒரே மட்டத்தில், ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும்.

பருத்திக் கையுறை வேண்டாம், அதன் இழை சின்னக் கொக்கிகளில் மாட்டி அவற்றைப் பிய்த்துவிடும். நைட்ரைல் கையுறை, இல்லையென்றால் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கை. இன்ஜினை டர்க்கி டவல் மேல் வைப்பதும் இதே காரணத்தால் ஆகாது. பார்சல் குளிரில் கிடந்து வந்திருந்தால், அறை வெப்பத்துக்கு வரும் வரை பெட்டியைத் திறக்கவே வேண்டாம். திறந்தால் உலோகத்தின் மேல் ஈரம் பூக்கும்.

குட்டிரயில்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அடியில முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு ஸ்க்ரூ இருந்துச்சு, வாஷரோட. கழட்டினதும் மெதுநடை சொன்ன மாதிரி சாய்ச்சு எடுத்தேன், இன்ஜினும் டெண்டரும் முழுசா வெளிய வந்தாச்சு. ஆனா பாலித்தீன் மடிப்புல ஒரு சின்னக் கறுப்புத் துண்டு கிடக்கு. சுமார் 4 மில்லிமீட்டர் நீளம், எல் வடிவம். எங்க போகும்னு தெரியலை.

லோகோஷெட்:
இன்ஜினோட இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாத்தி மாத்திப் பாருங்க, ஒரு பக்கம் இருக்கிறது மறுபக்கம் இல்லாம இருக்கும். எல் வடிவம்னா பெரும்பாலும் கேபின் படி, இல்ல மணல் குழாய் (சக்கரம் வழுக்காம தண்டவாளத்துல மணல் தூவுற குழாய்). ஓட்டையில அழுத்தினாலே உட்கார்ந்துச்சுன்னா பசையே வேணாம். நிக்கலைன்னா பல்குச்சி நுனியில வெள்ளைப் பசை ஒரு பொட்டு. கேபின் கண்ணாடி பக்கத்துல சூப்பர் க்ளூ கொண்டுபோகாதீங்க, அதோட ஆவி பட்டு கண்ணாடி வெள்ளையாப் படிஞ்சிடும்.

தாள், தெர்மோகோல், கூட்டோட மூலை எல்லாத்தையும் வெள்ளைத் துணி மேல தட்டிப் பார்த்துட்டு அப்புறம் எடுத்து வையுங்க. ஸ்க்ரூவையும் வாஷரையும் ஒரு சின்ன ஜிப் கவர்ல போட்டு பெட்டிக்குள்ளயே ஒட்டிடுங்க, என்னைக்காவது ரிப்பேருக்கு அனுப்பணும்னா தேவைப்படும்.

பழையபெட்டி:
அந்த 1:160 செட் பற்றி நான் சொல்றேன், பழைய செட் நிறைய பிரிச்ச கை இது. பாலியூரித்தேன் ஃபோம் வருஷக்கணக்குல காத்து ஈரத்தைக் குடிச்சு இத்துப்போகும். முதல்ல உதிரும், அப்புறம் பிசுபிசுன்னு பெயின்ட்ல ஒட்டும். இந்த நிலையில பெட்டியைக் குழியிலிருந்து மேல இழுக்கவே கூடாது. கபிளிங்கைப் பிடிச்சு நெம்பவும் கூடாது. ஃபோம் போனா போகட்டும், அதைக் காப்பாத்தப் பார்க்காதீங்க. ஒவ்வொரு பெட்டியைச் சுத்தியும் ஒரு விரல் இடம் விட்டு ஃபோமை வெட்டி, பக்கச் சுவரை வெளிப்பக்கமா மடக்கி விடுங்க. பெட்டி தானா விடுபடும்.

ஒட்டின தூளை மென்மையான பிரஷ்ஷால கீழ்நோக்கித் தள்ளுங்க, சக்கர அச்சுப் பக்கம் போக விடாதீங்க. எண்ணெயோட கலந்தா அரைச்சு எடுத்திடும். பிசுக்குக்கு தின்னர், அசிட்டோன் கூடவே கூடாது. தண்ணியில ஒரு சொட்டு பாத்திர சோப்பு, காது குடையுற பஞ்சுக் குச்சியை நனைச்சுப் பிழிஞ்சு, முதல்ல அடிப்பக்கம் ஒரு ஓரத்துல ஒத்திப் பாருங்க. பெயின்ட் கலர் பஞ்சுல ஏறலைன்னா மேல தொடரலாம். திரும்ப வைக்க பாலித்தீன் ஃபோம், அமிலமில்லா டிஷ்யூ தாள் ரெண்டும் நல்லது.

செட்ல இன்ஜின் இருந்து, அதோட உலோகத்துல விரிசலோ வீக்கமோ தெரிஞ்சா ஃபோம் மேல பழி போடாதீங்க. பழைய துத்தநாக வார்ப்புல ஈயம் கலந்திருந்தா உள்ளுக்குள்ளயே வீங்கி வெடிக்கும். அதை அமுக்கிப் பிடிச்சா கையிலயே உடையும், தட்டு மேல வச்சே நகர்த்துங்க.

குட்டிரயில்:
செட்ல இன்ஜின் இல்லை, பெட்டிகள் மட்டும்தான். வெட்டி எடுத்துடறேன். கறுப்புத் துண்டு கேபின் படியேதான், அழுத்தினதும் நின்னுடுச்சு. கடைசியா ஒண்ணு: நீராவி இன்ஜினை மேஜை மேல தள்ளிப் பார்த்தேன், சக்கரம் சுத்தாம வழுக்கிட்டுப் போகுது. உள்ள ஏதாவது சிக்கியிருக்கா?

மெதுநடை:
எதுவும் சிக்கவில்லை. பெரும்பாலான மாடல்களில் மோட்டாரையும் சக்கரத்தையும் வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கர இணைப்பு) இணைக்கிறது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் மோட்டாரைச் சுழற்றாது. இனி தள்ள வேண்டாம், ரப்பர் வளையம் போட்ட சக்கரம் இருந்தால் அது தேயும். தண்டவாளத்தில் வைத்து, எல்லாச் சக்கரமும் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, குறைந்த வேகத்தில் மின்சாரம் கொடுங்கள்.