செயிண்ட் ஹெலினா தீவின் 699 படிகள்: 58 வயதில் ஏற முடியுமா?

அம்மாபேட்டை பாட்டி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகளும் மருமகனும் வேலை விஷயமாக செயிண்ட் ஹெலினா தீவில் இருக்கிறார்கள். நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்திருந்தார்களே, அந்தத் தீவு. ஜனவரியில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். ஜேம்ஸ்டவுன் என்ற ஊருக்குள்ளிருந்தே மலை உச்சிக்கு நேராக ஒரு படிக்கட்டு ஏறுகிறது. பெயர் ஜேக்கப்ஸ் லேடர், 699 படி. ஒன்பது வயதுப் பேத்தி வீடியோ காலில் அதைக் காட்டி, "பாட்டி, நீங்க வந்ததும் ரெண்டு பேரும் ஏறணும்" என்றாள். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு 58 வயது. பிரஷர் மாத்திரை ஒன்று போடுகிறேன், சர்க்கரை இல்லை. இடது முழங்கால் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும், வீக்கம் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் திருச்செங்கோடு மலைக்குப் படி வழியாகவே ஏறினேன். 1206 ஏறினவளுக்கு 699 என்ன பெரிய விஷயம் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் படத்தில் பார்த்தால் சுவரில் சாத்திய ஏணி மாதிரி நிற்கிறது. நேரில் ஏறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இங்கே எந்த மலையில் பழகலாம்? நெப்போலியன் ஏறிய படியில் பேத்தி கையைப் பிடித்து ஏற வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

நாமக்கல் நடராஜா சைக்கிள்:

அக்கா, கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போய்ப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேல் படி. முதலில் இறங்கி, அருவியைப் பார்த்துவிட்டு, களைத்த காலோடு ஏற வேண்டும். அதை முடித்தால் எதையும் ஏறலாம்.

அடிவாரம் கப்பல்காரர்:

தங்கச்சி, நான் ஏறியிருக்கிறேன். 2009 மார்ச் மாதம். பயணிகள் கப்பலில் 19 வருடம் சமையல் வேலை பார்த்தேன், இப்போது ஏற்காடு அடிவாரத்தில் வீட்டோடு இருக்கிறேன். அந்தக் காலத்தில் தீவுக்கு விமானம் கிடையாது. 2017 அக்டோபரில்தான் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பயணிகள் விமானம் வர ஆரம்பித்தது. நாங்கள் கப்பலைத் தள்ளி நிறுத்திவிட்டு, சின்னப் படகில் வந்து, துறையில் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலை தூக்கும் நேரம் பார்த்துக் கரையில் கால் வைப்போம். எனக்கு நாலு மணி நேரம் அனுமதி. அதில் பாதி இந்தப் படிக்கே போனது.

திருச்செங்கோட்டுக் கணக்கை இதில் போடாதீர்கள். இங்கே ஒவ்வொரு படியும் 11 அங்குலம். உங்கள் வீட்டு மாடிப்படியை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், ஆறரை, ஏழுதான் இருக்கும். மொத்தம் 600 அடி உயரம், சாய்வு கிட்டத்தட்ட 40 டிகிரி, ஒரே நேர்க்கோடு. திருச்செங்கோட்டில் மண்டபம் வரும், அறுபதாம்படி வரும், கும்பிட்டுக்கொண்டு நாலு நிமிடம் நிற்போம். கால் தானாக ஆறிவிடும். அங்கே மண்டபமும் இல்லை, திருப்பமும் இல்லை. மூச்சு வாங்கினால் ஏறுகிற படியிலேயே உட்கார வேண்டியதுதான்.

அது ஆள் ஏறுவதற்கென்று மட்டும் கட்டியதல்ல. 1829ல் வண்டி இழுக்கும் சாய்தளமாகப் போட்டார்கள். மேலே கால்நடைகள் சுற்றிவந்து உருளையை இழுக்க, படியை ஒட்டிய தண்டவாளத்தில் வண்டிகள் ஏறி இறங்கும். மலை உச்சியில் உள்ள கோட்டைக்குச் சாமானும் ஊரில் சேரும் எருவும் மேலே போகும். பாரவண்டி போகிற தடத்தில் இளைப்பாற இடம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல. 1871ல் ராணுவப் பொறியாளர்கள் அதைச் சீர்செய்தபோது வண்டித்தடம் போய்ப் படி மட்டும் நின்றது. நெப்போலியன் 1821லேயே அந்தத் தீவில் இறந்துவிட்டார், ஆகவே அவர் இதில் ஏறவில்லை. பேத்தியிடம் அதைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பதிலாக ஜோனதன் என்ற ஆமையைக் காட்டச் சொல்லுங்கள். ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் இருக்கிறது, 1832 வாக்கில் பிறந்தது என்கிறார்கள். இந்தப் படிக்கட்டு அதற்கும் மூத்தது!

நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது. அப்போது எனக்கு ஐம்பது வயது, நம் மலையில் விறகு சுமந்த கால்தானே என்று முதல் நூறு படியை வேகமாக ஏறினேன். நூற்றிருபதில் தொடை நடுங்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடிக் கம்பி உண்டு. அதை இறுக்கிப் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. ஊரின் கூரைகள் நேராகக் கால் விரலுக்குக் கீழே இருந்தன. உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. அந்த நேரம் மேலேயிருந்து ஒரு வயதான அம்மா, ஒரு கையில் காய்கறிப் பையோடு, மறுகை கம்பியில் லேசாகப் பட்டும் படாமலும் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, அடுத்த படியை விரலால் தொட்டுக் காட்டினார். இதை மட்டும் பார் என்பதுபோல. அதற்கப்புறம்தான் எனக்கு ஏறவே வந்தது.

ஐம்பது படி ஏறுங்கள், உட்காருங்கள், மறுபடி ஐம்பது. பதின்மூன்று தடவை உட்கார்ந்தால் பாக்கி 49. எண்ணுகிற வேலையைப் பேத்தியிடம் கொடுத்துவிடுங்கள். படிக்கட்டு ஊருக்கு மேற்கே உள்ள மலையில் கிழக்கு பார்த்து இருக்கிறது, காலை வெயில் நேராக அடிக்கும். ஜனவரி அங்கே கோடை. நாலு மணிக்கு மேல் போனால் மலையே நிழல் தரும். சேலை வேண்டாம் தங்கச்சி, 11 அங்குலப் படியில் கொசுவம் தடுக்கும், மேலே காற்றும் பலம். சுடிதாரும் பிடிமானம் உள்ள ஷூவும் போதும்.

இறங்குவது மட்டும் வேண்டாம். கோட்டை வரைக்கும் சாலை இருக்கிறது. மருமகனைக் காரோடு மேலே நிற்கச் சொல்லுங்கள்.

மூட்டு வைத்தியம், சூரமங்கலம்:

பிசியோதெரபி பார்க்கிறேன். ஐயா சொன்ன கடைசி விஷயம்தான் முக்கியம். ஏறும்போது களைப்பது தொடையும் நுரையீரலும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தை மடங்கிய முழங்கால் தாங்கிப் பிடிக்கிறது. அதனால்தான் மலை இறங்கிய மறுநாள் முட்டி வலிக்கிறது. கொல்லிமலை இப்போதைக்கு வேண்டாம் அம்மா, அங்கே இறக்கம் முதலிலேயே வந்துவிடும். போவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் பிரஷரையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வீங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

நாமக்கல் நடராஜா சைக்கிள்:

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா. ஆனால் கம்பி பிடித்து மெதுவாக இறங்கினால் என்ன ஐயா? கடலைப் பார்த்துக்கொண்டே இறங்குவது ஏறுவதைவிட அழகாக இருக்குமே?

அடிவாரம் கப்பல்காரர்:

அழகுதான் தம்பி. கடலைப் பார்த்தால் படியைப் பார்க்க முடியாதே. நான் இறங்கினேன், இரண்டு நாள் அடுப்படியில் நிற்க முடியவில்லை. அந்த ஊர்ப் பையன்கள் ஒரு கம்பியில் தோளையும் எதிர்க் கம்பியில் கணுக்காலையும் வைத்துப் படுத்தபடி சறுக்கி இறங்கிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம் அது. பேத்தி ஆசைப்பட்டால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள் தங்கச்சி.

பழகுவதற்குக் குமரகிரியே போதும், உங்களுக்குப் பக்கம். படி தாழ்வாக இருந்தால் இரண்டிரண்டாக, கம்பி பிடித்து ஏறுங்கள். டவுன் பஸ்ஸின் முதல் படி நினைவிருக்கிறதா? அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. அப்புறம், மேலே போய் வந்ததும் அந்தத் தீவின் காப்பியைக் குடித்துப் பாருங்கள். 1733ல் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோய் வைத்த செடி. நம் ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது அதற்கு எண்பது, தொண்ணூறு வருடம் கழித்து, சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். எங்கள் அப்பா எஸ்டேட்டில் பழம் பறித்தவர். அங்கே ஒரு கோப்பை குடித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

அம்மாபேட்டை பாட்டி:

அண்ணா, இன்று காலை ஐந்தரைக்கே குமரகிரிக்குப் போய்விட்டேன். தையல் டேப்பும் கொண்டுபோனேன். இரண்டிரண்டாக இருபது தடவை வைத்ததுமே தொடை என்ன சொல்கிறது என்று தெரிந்துவிட்டது. உட்கார்ந்தேன், மறுபடி இருபது. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, வாரம் நாலு நாள் என்று வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கீழே டீக்கடையில் காத்திருந்தார், நாளையிலிருந்து தானும் ஏறுகிறேன் என்கிறார். மருமகனிடம் காரைப் பற்றிப் பேசியாயிற்று. நெப்போலியன் ஏறவில்லை என்று பேத்தியிடம் சொன்னேன். அதனால் என்ன, நாம ஏறலாம் பாட்டி என்றாள். எண்ணும் வேலையையும் ஒப்புக்கொண்டாள், இப்போதே ஐம்பது ஐம்பதாகச் சொல்லிப் பழகுகிறாள்.